மரவட்டைக்குப் பங்காளி யார்?

இந்தக் கட்டுரையில் ‘மரபணு’ என்ற சொல் பல இடங்களில் வரும். நம் இயக்கத்துக்காரர்களுக்கு அந்தச் சொல் காதில் விழுந்தாலே பி.டி. பருத்தியும் பி.டி. கத்தரியும்தான் ஞாபகத்துக்கு வரும். நியாயம்தான். 2010-ல் மத்திய அரசு பி.டி. கத்தரியை நிறுத்திவைத்ததற்குப் பின்னால் நாடு முழுக்க விவசாயிகள் போட்ட சத்தம் இருந்தது. ஆனால் மரபணுவைத் திருத்துவது ஒரு வேலை, படிப்பது வேறொரு வேலை. பத்திரத்தில் கை வைத்துத் திருத்தினால் அது குற்றம். அதே நிலத்துக்கு வில்லங்கம் போட்டு, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பார்ப்பதை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். இது வில்லங்கம் போடுகிற கதை. நிலத்துக்கு இல்லை, மரவட்டைக்கு.

மரவட்டை என்றால் சிலருக்குப் பிடிபடாது. ரயில் பூச்சி என்றால் குழந்தைக்கும் தெரியும். மழை விழுந்த மறுநாள் மூடாக்குக்கு அடியிலிருந்து வெளியே வந்து, அத்தனை காலையும் அலை அலையாக நகர்த்திக்கொண்டு போகும். தொட்டால் சுருண்டுகொள்ளும். பேச்சு வழக்கில் பூச்சி என்கிறோமே தவிர இது பூச்சி இனம் கிடையாது. பூச்சி என்றால் ஆறு கால். பூரானும் கிடையாது. பூரானுக்கு ஒரு வளையத்துக்கு ஒரு ஜோடிக் கால், விஷக் கொடுக்கு உண்டு, மற்ற பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். மரவட்டைக்குப் பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடிக் கால். கரு வளரும்போது இரண்டிரண்டு வளையங்கள் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால் வந்தது அது. கடிக்காது. தின்பதெல்லாம் உதிர்ந்த இலை, மட்கிய கட்டை, சருகு.

நமக்கு அது செய்கிற வேலை இதுதான்: காய்ந்த இலையை அரைத்துப் பொடியாக்கிக் கழிவாகப் போடுகிறது. அந்தக் கழிவில்தான் பூஞ்சையும் பாக்டீரியாவும் சுலபமாகக் குடியேறும். முழு இலையாகக் கிடந்தால் அவற்றுக்கு வாய் வைக்க இடமில்லை. மண்புழுவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், மண்புழுவுக்கு முன்னால் பந்தியில் உட்கார்ந்து இலையை நறுக்கிக் கொடுக்கிற ஆளைப் பற்றி எழுதுவதில்லை. மழைக்காலத்தில் வீட்டுச் சுவரேறினால் உப்பைத் தூவுகிறோம், மண்ணெண்ணெய் ஊற்றுகிறோம். முளைவிடும் விதையையோ ஈரத்தில் கிடக்கும் கிழங்கையோ எப்போதாவது அது கடிப்பது உண்மைதான். அதற்காக மருந்து அடிக்கச் சொல்லும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள்.

உலகத்தில் இதுவரை 12,000-க்கும் மேற்பட்ட மரவட்டை இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 16 பெரிய வரிசைகளாகப் பிரித்திருக்கிறார்கள். பெயர் வைக்காதவையும் நிறைய இருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சரி, இத்தனை இனத்தில் யார் யாருக்கு அண்ணன் தம்பி, யார் ஒன்றுவிட்ட உறவு, யார் சும்மா பார்க்க மட்டும் ஒரே மாதிரி இருக்கிற அந்நியன்? இதைக் கண்டுபிடிக்கத்தான் மரபணு.

மாதிரிக் கையெழுத்து அட்டை

மரபணு வருவதற்கு முன்னால் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று முதலில் பார்ப்போம். பெரும்பாலான மரவட்டைகளில் ஆணுக்கு ஏழாவது வளையத்தில் உள்ள கால்கள் நடப்பதற்கு உதவாது. அவை இனச்சேர்க்கைக்கான உறுப்பாக மாறியிருக்கும். கொக்கி மாதிரி, கரண்டி மாதிரி, இனத்துக்கு இனம் வடிவம் வேறு. அதை வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் படம் வரைந்து, ‘இது இன்ன இனம்’ என்று சொல்வார்கள். பூட்டுக்குச் சாவி மாதிரி நம்பகமான அடையாளம். இன்றைக்கும் இந்த வேலை நடக்கிறது, நடக்கவும் வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், பெண் மரவட்டைக்கு அந்த உறுப்பு இல்லை. குஞ்சுக்கும் இல்லை. பத்து மரவட்டையைப் பிடித்தால் அதில் வளர்ந்த ஆண் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். அப்புறம் எந்த இனம் என்று யார் சொல்வது?

வங்கியில் காசோலை வந்தால் கையெழுத்தை எதனோடு ஒப்பிடுவோம்? மாதிரிக் கையெழுத்து அட்டையோடு. இங்கேயும் அப்படியேதான். ஒரு புதிய இனத்துக்குப் பெயர் வைக்கும்போது, ‘இதுதான் அந்த இனம்’ என்று ஒரு உடலை அருங்காட்சியகத்தில் சாராயப் புட்டியில் போட்டு வைப்பார்கள். பிற்காலத்தில் சந்தேகம் வந்தால் அதை எடுத்து ஒப்பிட வேண்டும். நம் நாட்டு மரவட்டைகள் பலவற்றுக்கு வெள்ளைக்காரர் காலத்தில் பெயர் வைத்ததால், அந்த மாதிரி உடல்கள் லண்டனிலும் ஐரோப்பாவின் மற்ற ஊர்களிலும் உட்கார்ந்திருக்கின்றன. அட்டை அங்கே, காசோலை இங்கே.

2003-ல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட் என்பவரும் அவர் குழுவினரும் ஒரு யோசனை சொன்னார்கள். எல்லா விலங்கின் செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா என்று ஒரு சின்ன அறை இருக்கிறது. அதற்கென்று தனி டி.என்.ஏ. உண்டு. அதில் சி.ஓ.ஐ. என்ற ஒரே ஒரு மரபணுவின் ஒரு துண்டை, சுமார் 650 எழுத்து, படித்தால் போதும், பெரும்பாலான இனங்களைப் பிரித்துவிடலாம் என்றார்கள். கடையில் சாமான் உறையில் கறுப்புக் கோடு போட்டிருக்கிறதே, அதே மாதிரி ‘பார்கோடு’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். மரவட்டையின் ஒரு கால் போதும். ஆணா பெண்ணா குஞ்சா என்ற கேள்வியே இல்லை. ஆண் உறுப்பை வைத்துப் பெயர் தெரிந்த ஒன்றிலிருந்து எழுத்தைப் படித்துப் பதிந்துவிட்டால், அதோடு எந்தப் பெண்ணையும் எந்தக் குஞ்சையும் ஒப்பிடலாம்.

பேரேட்டுப் பிழை

இனத்தை அடையாளம் காண்பது ஒன்று, உறவைக் கண்டுபிடிப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் கஷ்டம். அதன் தர்க்கம் தெரிந்தால் மற்றதெல்லாம் சுலபம்.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் கணினி கிடையாது. எல்லாம் கையெழுத்துப் பேரேடுதான். ஒரு கடன்தாரர் பட்டியலை ஒருவர் பார்த்து எழுதுவார், அவர் எழுதியதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழுதுவார்கள். ஒவ்வொரு கைக்கும் ஒன்றிரண்டு பிழை விழும். ‘முத்துச்சாமி’ ‘முத்துசாமி’ ஆவார். அடுத்து எழுதுகிறவர் அந்தப் பிழையோடு சேர்த்துத்தான் எழுதுவார், கூடவே தன் பங்குக்கு ஒரு பிழையும் போடுவார். பல வருஷம் கழித்து பத்துப் பிரதி கையில் கிடைத்தால், எது எதைப் பார்த்து எழுதியது என்று சொல்லிவிடலாம். எப்படி? சரியாக இருக்கிற இடங்கள் எதுவும் சொல்லாது, எல்லாப் பிரதியிலும் அது சரியாகத்தான் இருக்கும். இரண்டு பிரதியில் மட்டும் ஒரே இடத்தில் ஒரே விசித்திரப் பிழை இருந்தால், அந்த இரண்டும் ஒரு தாய்ப் பிரதியிலிருந்து வந்தவை. பழைய ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்களும் பாட பேதங்களை இப்படித்தான் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

டி.என்.ஏ.வும் நான்கே எழுத்தில் எழுதிய பேரேடு. தலைமுறை தலைமுறையாகப் பிரதி எடுக்கிறார்கள், எப்போதாவது ஒரு எழுத்து மாறுகிறது. இரண்டு மரவட்டை இனங்களில் ஒரே இடத்தில் ஒரே மாற்றம், அதுவும் மற்றவற்றில் இல்லாத மாற்றம், நிறைய இருந்தால் அவை நெருங்கிய பங்காளிகள். இப்படிச் சேர்த்துச் சேர்த்துக் கொடிவழி வரைகிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. வங்கிக்காரர்களுக்குத் தெரியும்: கணக்கு உதைத்தால், உதைக்கிற தொகை 9-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறதா என்று முதலில் பார்ப்போம். வகுபட்டால் யாரோ 63-ஐ 36 என்று மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. இந்தப் பிழை அடிக்கடி விழுவதால், சம்பந்தமே இல்லாத இரண்டு குமாஸ்தாக்கள் தனித்தனியே அதைச் செய்யலாம். பிழை ஒன்றாக இருப்பதாலேயே இவர் அவரைப் பார்த்து எழுதினார் என்று சொல்ல முடியாது. டி.என்.ஏ.வில் இருப்பது நான்கே எழுத்து. கோடிக்கணக்கான வருஷத்தில் ஒரே மாற்றம் இரண்டு வம்சத்தில் தற்செயலாக விழத்தான் செய்யும். அதனால் ஒரு மரபணுவை மட்டும் நம்பினால் ஏமாறலாம். பல நூறு மரபணுக்களைச் சேர்த்துப் படிக்கிறார்கள். வேகமாக மாறும் மரபணு நெருங்கிய உறவைச் சொல்லும், மெதுவாக மாறும் மரபணு ஆதிகால உறவைச் சொல்லும். ஊர்க்கணக்குக்கும் ஜமாபந்திக்கும் ஒரே நோட்டு உதவாது இல்லையா.

இந்தப் பிழைகள் ஓரளவு சீரான வேகத்தில் சேருவதால், எத்தனை வருஷத்துக்கு முன்னால் பிரிந்தார்கள் என்றும் மதிப்பிடலாம். அதற்குத் தேதி தெரிந்த ஒரு பழைய சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி பாறையில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஸ்டோன்ஹேவன் கடற்கரையில் மைக் நியூமன் என்ற பேருந்து ஓட்டுநர் ஓய்வு நேரத்தில் புதைபடிவம் தேடுவார். அவர் எடுத்த ஒரு சென்டிமீட்டர் துண்டில் மரவட்டையின் உடல் வளையமும், காற்றை உள்ளிழுக்கும் துளைகளும் இருந்தன. 2004-ல் அதற்கு நியூமோடெஸ்மஸ் நியூமனி என்று அவர் பெயரையே வைத்தார்கள். வயது பற்றி ஆய்வாளர்களுக்குள் இழுபறி உண்டு, ஆனால் எப்படிப் பார்த்தாலும் 41 கோடி ஆண்டுக்குக் குறையாது. நிலத்தில் நின்று காற்றைச் சுவாசித்த விலங்குகளில் கிடைத்திருக்கும் மிகப் பழைய சாட்சிகளில் அதுவும் ஒன்று. டைனோசர் வந்ததெல்லாம் அதற்குப் பல கோடி ஆண்டு கழித்து.

இறாலும் ஈயும்

கொடிவழி வரைந்து பார்த்ததில் பாடப்புத்தகமே மாறிப்போன கதை ஒன்று உண்டு. நாங்கள் கல்லூரியில் படித்த காலத்தில், மரவட்டை, பூரான் கூட்டமும் பூச்சிக் கூட்டமும் உடன்பிறந்தவை என்றுதான் எழுதியிருந்தது. பார்த்தால் அப்படித்தான் தெரியும். இரண்டுக்கும் ஒரு ஜோடி உணர்கொம்பு, இரண்டும் காற்றுக் குழாய் வழியாகச் சுவாசிக்கின்றன, இரண்டும் தரையில் வாழ்கின்றன. இறால், நண்டு வகையறா தண்ணீரில் இருப்பதால் தூரத்து உறவு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

1995-ல் ‘நேச்சர்’ இதழில் ஃப்ரீட்ரிக், டவுட்ஸ் என்ற இருவர் மரபணு ஆதாரத்தோடு மறுத்தார்கள். பூச்சிக்கு நெருங்கிய சொந்தம் இறால், நண்டு கூட்டம்தான், மரவட்டை இல்லை என்றார்கள். கூடவே மரவட்டைக்கூட்டம் சிலந்தி, தேள் பக்கம் போய்ச் சேருவதாகவும் அவர்கள் கணக்கு காட்டியது. 2010-ல் அதே இதழில் ரீஜியர் என்பவரின் குழு 75 கணுக்காலி இனங்களில் 62 மரபணுக்களைப் படித்து வெளியிட்டது. முதல் பாதி நிலைத்தது: பூச்சி, இறாலின் பங்காளி. இரண்டாவது பாதி நிலைக்கவில்லை: மரவட்டை சிலந்தியோடு சேரவில்லை, பூச்சி-இறால் குடும்பத்துக்குப் பெரியப்பா வீடு மாதிரி பக்கத்தில் வந்து நின்றது. குறைந்த எழுத்தை வைத்து வரைந்த கொடியில் ஒரு கிளை இடம் மாறியிருந்தது, கூடுதல் எழுத்து வந்ததும் சரியானது.

இதிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது. காற்றுக் குழாய் வழி சுவாசம் என்பது பூச்சிக்குத் தனியாகவும் மரவட்டைக்குத் தனியாகவும் வந்திருக்கிறது. தண்ணீரை விட்டு நிலத்துக்கு ஏறியவர்கள் ஒரே கூட்டமாக ஏறவில்லை, தனித்தனியாக ஏறி, ஒரே மாதிரி வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

1,306 கால்

‘ஆயிரங்கால்’ என்று பெயர் வைத்தாலும் 2021 வரைக்கும் ஆயிரம் கால் உள்ள மரவட்டையை யாரும் பார்த்ததில்லை. கலிஃபோர்னியாவில் உள்ள இல்லாக்மீ பிளெனிப்பீஸ் என்ற இனம் 750 காலோடு முதலிடத்தில் இருந்தது. 2021-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் தங்கம் முதலிய கனிமம் தேடிப் போட்ட ஆழ்துளையில், தரைக்கு 60 மீட்டர் கீழே, ஒரு மரவட்டை கிடைத்ததாக அறிவித்தார்கள். அகலம் 0.95 மில்லிமீட்டர், நீளம் 95.7 மில்லிமீட்டர். நூல் மாதிரி. கண் இல்லை, நிறம் இல்லை. 330 வளையம், 1,306 கால். யூமில்லிபீஸ் பெர்செஃபோனி என்று பெயர் வைத்தார்கள். பெர்செஃபோனி என்பவள் கிரேக்கக் கதையில் பாதாள லோகத்து ராணி.

கலிஃபோர்னியாக்காரரும் இவரும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறார்கள். இரண்டும் நூல் போல நீண்டவை, கண்ணில்லாதவை. கண்ணால் பார்த்து முடிவு செய்தால் ஒரே குடும்பம் என்றுதான் சொல்லத் தோன்றும். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் மரெக் குழுவினர் மரபணுவைப் படித்தபோது இரண்டும் வேறு வேறு வரிசையைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. தூரத்து உறவு மட்டுமே. இறுகிய மண்ணின் சின்ன இடுக்கில் உந்தித் தள்ளிக்கொண்டு போக நிறையக் கால் வேண்டும், அகலம் இருக்கக் கூடாது. அந்தத் தேவை இரண்டு கண்டத்தில் இரண்டு வம்சத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. இப்படி மிக நீண்ட உடல் மரவட்டைகளில் ஒரு தடவை இல்லை, பல தடவை தனித்தனியே தோன்றியிருக்கிறது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அந்த மரவட்டை வாழும் பகுதியிலேயே சுரங்கம் விரிந்துகொண்டு வருவதையும் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். துளை போட்டதால்தான் தெரிந்தது, தோண்டினால் போய்விடும்.

இதே மரெக் 2009-ல் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளில் இன்னொன்றையும் காட்டினார். அங்கே சயனைடு சுரக்கும் பல மரவட்டை இனங்கள், ஒரே இடத்தில் வாழும்போது ஒரே நிற வரியைப் போட்டுக்கொள்கின்றன. பறவை ஒன்றைத் தின்று பாடம் படித்தால் மற்றதையும் தொடாது. நிறத்தை வைத்து இனம் பிரித்தால் கணக்கு தப்பிவிடும், மரபணுவை வைத்துத்தான் யார் யார் என்று பிரிக்க முடிந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலைக்காரரும் மடகாஸ்கர்காரரும்

இனி நம் வீட்டுக்கதை. மேற்குத் தொடர்ச்சி மலையில் சோலைக்காட்டிலும் அதையொட்டிய பாக்கு, காபி, ஏலத் தோட்டங்களிலும் தொட்டால் கோலிக்குண்டு மாதிரி முழு உருண்டையாகிவிடும் பெரிய மரவட்டை உண்டு. பேரினத்தின் பெயர் அர்த்ரோஸ்ஃபேரா. தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதன் தாயகம். மற்ற மரவட்டைகளைப் போல இதற்கு நாற்றத் திரவம் சுரக்கும் பை கிடையாது. உருளுவது ஒன்றுதான் தற்காப்பு. அது இலைமக்கைத் தின்று போடும் கழிவை மங்களூர் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீதர் குழுவினர் ஆராய்ந்து, அந்த மட்கில் செடி எப்படி வளர்கிறது என்றும் சோதித்திருக்கிறார்கள். தோட்டத்தில் இருக்கும் இதை எருப் போடும் கூலியில்லா ஆள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இதன் சொந்தக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள்? தென்னாப்பிரிக்கா, மடகாஸ்கர், தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. மடகாஸ்கரில் இரண்டு முக்கியமான கூட்டம். ஒன்று ஸூஸ்ஃபேரியம், இன்னொன்று ஸ்ஃபெரோமைமஸ். இந்த இரண்டாவது கூட்டத்தின் ஆண், உடலை உரசி ஒலி எழுப்பும். ஒரே தீவில் இருப்பதால் இவை இரண்டும் உடன்பிறந்தவையாக இருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஜெர்மனியின் தாமஸ் வெஸ்னர் குழுவினர் உடலமைப்பையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்தபோது ஸ்ஃபெரோமைமஸுக்கு மிக நெருங்கிய பங்காளி பக்கத்துக் காட்டில் இருக்கும் ஸூஸ்ஃபேரியம் இல்லை, கடல் தாண்டி இருக்கும் நம்ம ஊர் அர்த்ரோஸ்ஃபேரா!

மரவட்டை நீந்திப் போகாது. பறக்கவும் முடியாது. காடு தாண்டி அடுத்த காட்டுக்குப் போகவே அதற்குத் தலைமுறைகள் ஆகும். அப்புறம் எப்படி? மரவட்டை போகவில்லை, நிலம் போயிற்று. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே நிலத்துண்டாக ஒட்டிக்கொண்டிருந்து, சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பிரிந்தன. இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவில் முட்டியது, முட்டியதில் இமயமலை எழுந்தது. அந்தப் பயணம் முழுக்க அர்த்ரோஸ்ஃபேராவின் முன்னோர் இங்கே இலைமக்குக்கு அடியில் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். இமயமலைக்கு மூத்த குடி. வால்பாறைப் பக்கமோ கோத்தகிரிப் பக்கமோ தேயிலைத் தோட்ட ஓரத்தில் ஒன்றைப் பார்த்தால் மிதிக்காமல் தாண்டிப் போங்கள்.

நடை குறைவு என்பதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு மலையில் உள்ள கூட்டம் அடுத்த மலைக்குப் போக முடியாததால், நாளாக நாளாகத் தனி இனமாகவே பிரிந்துவிடும். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் மரபணு வேறாக இருக்கும். யானையை ஒரு காட்டில் இழந்தால் இன்னொரு காட்டில் யானை இருக்கும். மரவட்டையில் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு சோலையை அழித்து யூகலிப்டஸ் வைத்தால், அந்தச் சோலையில் மட்டும் இருந்த இனம் பெயர் வைக்கும் முன்பே போய்விடலாம். மலைத்தோட்டத்தில் சருகைக் கூட்டிக் கொளுத்துகிறவர்களும் களைக்கொல்லி அடிக்கிறவர்களும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கையில் ஒட்டும் பழுப்பு

மரவட்டையைக் கையில் எடுத்தால் விரலில் பழுப்புக் கறை ஒட்டும், அயோடின் மாதிரி ஒரு நெடி அடிக்கும். உருளை வடிவ மரவட்டைகளின் தற்காப்பு அது, பென்சோகுவினோன் என்ற பொருள். தட்டை முதுகுள்ள மரவட்டைகளில் சயனைடு சுரக்கும், அவற்றில் பாதாம் வாசம் வரும். நூல் போன்ற சில வகைகளில் ஆல்கலாய்டு. எந்த வம்சம் எதைச் சுரக்கிறது என்பதை மரபணுக் கொடிவழி மேல் பொருத்திப் பார்த்து 2018-ல் ஒரு ஆய்வு வந்தது. இந்த வேதித் தொழிற்சாலை ஒரே நாளில் வரவில்லை, படிப்படியாகச் சிக்கலாகி வந்திருக்கிறது என்பது அதன் முடிவு. நமக்கு வேண்டியது: தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கழுவாமல் கண்ணைத் தேய்க்காதீர்கள். குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள்.

மழைக்காலத்தில் நம் தோப்புகளில் கூட்டம் கூட்டமாக வரும் செம்பழுப்பு மரவட்டை பல இடங்களில் ட்ரைகோனியூலஸ் கோரலினஸ் என்ற இனம். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து தொட்டிச் செடி, மண், சரக்கு வழியாக வெப்ப நாடுகள் முழுக்கப் பரவியது. மரவட்டைகளில் முதன்முதலாக, 2015-ல், முழு மரபணுத் தொகுதியின் முன்வரைவு எழுதப்பட்டது இதற்குத்தான். 2020-ல் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகக் குழு இதையும் தட்டை வகை ஒன்றையும் இன்னும் முழுமையாகப் படித்தது. இதன் பேரேடு சுமார் 44.9 கோடி எழுத்து, தட்டை வகையின் பேரேடு 18.2 கோடி. மனிதனுக்குச் சுமார் 300 கோடி. ஒப்பிடுவதற்கு இப்படி ஒரு முழுப் பேரேடு கையில் இருந்தால் மற்ற மரவட்டைகளின் துண்டுகளை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று தெரியும். கணக்கில் பழைய இருப்பைத் தூக்கி எழுதுகிற மாதிரி.

இதே செம்பழுப்பு மரவட்டையைப் பிரேசிலில் எம்ப்ராபா என்ற அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் எரு தயாரிக்கப் பயன்படுத்துகிறது. ரியோ டி ஜெனிரோ மாநிலத்தில் செரோபெடிகா என்ற ஊரில் அந்த வேலை நடக்கிறது. உலர்ந்த புல், இலை, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் தின்னக் கொடுத்து, வரும் மட்கைச் சலித்து நாற்று வளர்க்கப் போடுகிறார்கள். மண்புழு உரத்துக்குச் சாணம் வேண்டும், இதற்குச் சாணம் இல்லாமலே ஓடுகிறது. மாடு இல்லாத நம் நண்பர்கள் யோசிக்கலாம். ஆனால் வெளியிலிருந்து வாங்கி வந்து விடாதீர்கள். உங்கள் தோப்பில் ஏற்கெனவே இருப்பதை ஒரு தொட்டியில் சருகோடு சேர்த்து வைத்தால் போதும்.

பதிவேட்டில் ஒரு வரி

‘மண்ணில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று டி.என்.ஏ. பரிசோதனை செய்து தருகிறோம்’ என்று யாராவது வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தப் பதிவோடு ஒப்பிட்டுச் சொல்வீர்கள்? மாதிரிக் கையெழுத்து அட்டை இல்லாத கணக்கில் காசோலையைப் பாஸ் பண்ண முடியாது. நம் நாட்டு மண்ணுயிர்களில் பெரும்பகுதிக்கு இன்னும் அந்த அட்டை போடவில்லை. அறிக்கையில் ‘பெயர் தெரியாதது’ என்று நிறைய வரும், அல்லது தூரத்து உறவின் பெயரை எழுதித் தருவார்கள். காசு கொடுக்கும் முன் யோசியுங்கள்.

அட்டை போடும் வேலையில் நாமும் சேரலாம். 2002-ன் பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். அதற்கான தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மரம், மூலிகை, மாட்டினம் எல்லாம் எழுதியிருந்தால், மரவட்டைக்கும் ஒரு வரி போடச் சொல்லுங்கள்: நிறம், நீளம், உருளுமா சுருளுமா, எந்த மாதம், எந்த மரத்தடி, ஊரில் வழங்கும் பெயர். வேறு வேறு ஊரில் வேறு வேறு பெயர் இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறையில் ஆர்வமுள்ள ஆசிரியர் இருந்து மாதிரி கேட்டால், செத்துக் கிடப்பதையே கொடுக்கலாம், அழுகியிருக்கக் கூடாது. ஃபார்மலினில் போட வேண்டாம், அது டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். 95 சதவீத எத்தனாலில் போட வேண்டும், அதைக் கல்லூரியிலேயே கொடுப்பார்கள். காட்டுக்குள் போய் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதாகச் சொன்னால் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள், தயங்க வேண்டாம். புட்டிக்குள்ளேயே ஒரு துண்டுத் தாளில் ஊர், தேதி, இடம், எடுத்தவர் பெயர் நான்கையும் பென்சிலால் எழுதிப் போடுங்கள். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும்.